இடுப்பில் ஒரு பெல்ட், கணுக்காலில் ஒரு பட்டை

2024 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘ஆபீசர் பிளாக் பெல்ட்’ என்ற கொரியப் படத்தின் நாயகன் லீ ஜங்-டோ, அப்பாவின் சிக்கன் கடைக்கு டெலிவரி செய்யும் இளைஞன். டேக்வாண்டோவில் மூன்று டான், ஜூடோவில் மூன்று டான், கொரியர்கள் கும்டோ என்று சொல்லும் வாள்பயிற்சியில் மூன்று டான். ஆக மொத்தம் ஒன்பது. டெலிவரிக்குப் போகும் வழியில் ஒரு நாள், காலில் மின்னணுப் பட்டை கட்டிய குற்றவாளி ஒருவன் அரசு அலுவலர் ஒருவரை அடித்து வீழ்த்துவதைப் பார்க்கிறான். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே பாய்கிறான். காயம்பட்டவர் தேறி வரும்வரை அந்த வேலையை நீயே பார்க்கலாமே என்று கேட்கிறார்கள். சிறையிலிருந்து வெளிவந்த கொடிய குற்றவாளிகளை இரவும் பகலும் பின்தொடரும் வேலை அது.

கிம் ஊ-பின் நடித்த இந்தப் படத்தை அடிதடிக்காகப் பார்க்கத் தொடங்கலாம். எனக்கு இதில் பிடித்தது வேறு. இடுப்பில் ஒரு பட்டை கட்டியவன், கணுக்காலில் ஒரு பட்டை கட்டியவனைத் துரத்துகிறான். ஒன்று பெருமைக்குரியது, மற்றொன்று அவமானத்துக்குரியது. ஆனால் இரண்டின் பூர்வீகத்தையும் தேடிப் போனால் கதவைத் திறப்பவர்கள் சண்டைக்காரர்களோ காவலர்களோ அல்ல, பிறரை ஊக்கப்படுத்த ஒரு வழி தேடிய கல்வியாளர்கள்.

பிளாக் பெல்ட் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் கராத்தே வகுப்பு இல்லாத ஊர் இன்று அரிது. மஞ்சள், பச்சை, பிரவுன் என்று ஏறி, கடைசியில் கறுப்பு. கூடவே ஒரு கதையும் வரும்: பழங்கால வீரர்கள் பெல்ட்டைத் துவைக்கவே மாட்டார்கள், ஆண்டுக்கணக்கான வியர்வையும் மண்ணும் படிந்து வெள்ளை கறுப்பானது என்று. அழகான கதை, ஆனால் உண்மையில்லை. கறுப்பு பெல்ட்டின் வயது ஏறத்தாழ 140 ஆண்டுகள்தான்.

அதற்கு முன்பே பிறந்தது டான் என்ற தரவரிசை. அதுவும் ஒரு விளையாட்டுப் பலகையின் மேல். கி.பி. 220-இல் சீனத்தின் வெய் அரசில் சென் சுன் என்ற அமைச்சர் அரசுப் பணிக்கு உரியவர்களை ஒன்பது தரங்களாகப் பிரித்தார். ஒன்பது என்ற அந்தக் கணக்கு, கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் கோ ஆட்டக்காரர்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஆட்டம் கடல் கடந்து ஜப்பானுக்குப் போனது. அங்கே 17-ஆம் நூற்றாண்டில் ஹோன்இன்போ டோசாகு என்ற மேதை ஆட்டக்காரர்களை ஒன்று முதல் ஒன்பது டான் வரை வரிசைப்படுத்தினார். இருவருக்கு இடையே திறமையில் எவ்வளவு வேறுபாடு என்று பார்த்து, சமமான ஆட்டம் அமைய முன்காய் கொடுப்பதற்கான ஏற்பாடு அது. உதைக்கும் குத்துக்கும் அங்கே இடமே இல்லை.

இருநூறு ஆண்டுகள் கழித்து அதை எடுத்து உடற்பயிற்சிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் கானோ ஜிகோரோ. பள்ளியில் பெரிய பையன்களிடம் அடிவாங்கிய ஒல்லியான மாணவர் அவர். பழைய ஜூஜுட்சுப் பள்ளிகளில் பயின்று, 1882-இல், இருபத்தொரு வயதில், தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த ஓர் அறையில் கோடோகான் என்ற தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பிறந்ததுதான் ஜூடோ. பழைய ஆசான்கள் சான்றோலைகளை அரிதாகத்தான் தருவார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடும், மாணவன் சோர்ந்துபோவான். தொழிலால் ஆசிரியரான கானோவுக்கு இது பொறுக்கவில்லை. படிகளை நெருக்கமாக அமைத்தால் பையன்கள் தொடர்ந்து வருவார்கள் என்று கணக்குப் போட்டார். 1883-இல் சாய்கோ ஷிரோ, டோமிடா சுனேஜிரோ என்ற இருவருக்கு முதல் டான் கொடுத்தார். அப்போது கட்டிக்கொள்ளத் தனி அடையாளம் ஏதுமில்லை. 1886 வாக்கில்தான் டான் பெற்றவர்கள் கறுப்புக் கச்சை கட்டும் வழக்கம் வந்தது. அதுவும் கிமோனோவின் மேல் சுற்றும் அகலமான துணி. இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, தொப்புளுக்குக் கீழே முடிச்சிடும் இன்றைய ஒடுக்கமான பெல்ட், தடித்த வெள்ளைச் சட்டையோடு சேர்ந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது.

குற்றத்தைத் துரத்தும் வேலைக்கும் இந்தக் கலைகளுக்கும் உறவு ஏற்பட்டது அதே காலத்தில்தான். சாமுராய்கள் வாள் ஏந்தும் உரிமை சட்டப்படி பறிக்கப்பட்ட பிறகு வாள்வித்தை செத்துக்கொண்டிருந்தது. 1877-இல் சாட்சுமாக் கலகத்தை அடக்கப் போன வாளேந்திய காவலர்கள் தங்கள் பயனைக் காட்டினார்கள். 1879-இல் தோக்கியோ காவல் தலைவர் கவாஜி தோஷியோஷி, வாள்பயிற்சியைக் காவலர்களுக்குக் கட்டாயம் கற்றுத்தர வேண்டும் என்று வாதிட்டு எழுதினார். காவல் துறை தாங்கிப் பிடித்திராவிட்டால் கெண்டோ என்ற அந்த வாள்கலை (கொரியர்களின் கும்டோ) இன்றிருக்கும் வடிவில் நம் காலம்வரை வந்திருக்குமா என்பது சந்தேகமே. 1880-களின் நடுவில் அதே காவல் துறை நடத்திய போட்டியில் கானோவின் மாணவர்கள் பழைய ஜூஜுட்சுக்காரர்களை வென்றதாக ஜூடோ உலகம் இன்றும் சொல்லி மகிழ்கிறது. காவல் நிலையங்களுக்குள் ஜூடோ நுழைந்தது இப்படித்தான்.

முதல் டான் வாங்கிய அந்த இருவரின் கதை இங்கே ஓர் அருமையான திருப்பம் எடுக்கிறது. டோமிடாவின் மகன் சுனேயோ எழுத்தாளரானார். அப்பாவின் தோழன் சாய்கோவை மனத்தில் வைத்து ‘சுகாதா சன்ஷிரோ’ என்ற நாவல் எழுதினார். அதைப் படமாக்கியவர் அப்போது முதன்முறையாக இயக்குநர் நாற்காலியில் அமர்ந்த ஓர் இளைஞர். பெயர் அகிரா குரோசவா, ஆண்டு 1943. ஜூடோவின் முதல் டான்காரர்களில் ஒருவர் திரையின் நாயகன், மற்றவரின் பிள்ளை கதாசிரியர். சிக்கன் டெலிவரி செய்யும் ஜங்-டோவுக்குத் திரையுலக முப்பாட்டன் யார் என்று கேட்டால் நான் சன்ஷிரோவைத்தான் காட்டுவேன்.

இதற்கிடையில் 1922-இல் ஒகினாவாத் தீவிலிருந்து ஃபுனாகோஷி கிச்சின் தோக்கியோவுக்கு வந்தார். அவரும் பள்ளி ஆசிரியர். கானோ அவரை அழைத்துக் கராத்தேயைச் செய்து காட்டச் சொன்னார். ஃபுனாகோஷி கானோவின் வெள்ளைச் சட்டையையும் டான் முறையையும் எடுத்துக்கொண்டார். 1924-இல் கராத்தேயின் முதல் டான்களை வழங்கினார். தமிழ்நாட்டுக் குழந்தைகள் கட்டும் கறுப்பு பெல்ட் கராத்தேக்கு வந்து நூறு ஆண்டுதான் ஆகிறது. மஞ்சளும் பச்சையும் அதற்கும் பிந்தியவை, ஆசியாவைச் சேர்ந்தவையும் அல்ல. 1920-களில் லண்டனின் புடோக்வாய் மன்றத்திலும் அடுத்த பத்தாண்டில் பாரிசில் கவாயிஷி மிகினோசுகேயின் வகுப்புகளிலும் வண்ண பெல்ட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. படிகளை நெருக்க வேண்டும் என்ற கானோவின் எண்ணத்தை ஐரோப்பியர்கள் இன்னும் நெருக்கினார்கள். பின்னாளில் அந்த வண்ணங்கள் கப்பலேறி ஆசியாவுக்கே திரும்பின.

கொரியாவுக்கு பெல்ட் போன வழி வலி நிறைந்தது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் கிடந்தது. பள்ளிகளிலும் காவல் துறையிலும் ஜூடோவும் கெண்டோவும் புகுத்தப்பட்டன. ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் கராத்தே கற்றார்கள். அவர்களில் ஒருவரான லீ வொன்-குக், ஃபுனாகோஷியிடமே பயின்று வந்து, 1944-இல் சியோலில் சங் டோ க்வான் என்ற பள்ளியைத் திறந்தார். விடுதலைக்குப் பின் இப்படிப் பல பள்ளிகள் முளைத்தன. அவற்றை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவர 1955-இல் டேக்வாண்டோ என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. அதற்காக முன்னின்ற ராணுவத் தளபதி சோய் ஹாங்-ஹியும் ஜப்பானில் கராத்தே பயின்றவர்தான். கொரியர்கள் பழைய டெக்யோன் விளையாட்டின் நினைவோடு உதைகளை உயர்த்தினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், தலைக்கு மேலே சுழலும் கால்களைத் தங்கள் முத்திரையாக்கினார்கள். ஆளவந்தவர்கள் விட்டுப்போன பெயரையும் வரலாற்றையும் உதறினார்கள். பெல்ட்டை மட்டும் அவிழ்க்கவில்லை. ஒரு நாட்டு மக்கள் தங்கள் மேல் திணிக்கப்பட்டதையே தங்களுடையதாக்கி, உலகமே தங்களிடம் வந்து கற்கும்படி செய்ததை நான் அவர்களின் பெரிய வெற்றியாகப் பார்க்கிறேன். 1972-இல் சியோலில் குக்கிவொன் தலைமையகம் எழுந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக இருந்த டேக்வாண்டோ, 2000-இல் சிட்னியில் பதக்க விளையாட்டானது.

பரப்பியவர்கள் பெரும்பாலும் சிப்பாய்களும் தூதர்களும். சோய் 1960-களில் மலேசியாவுக்குத் தூதராகப் போனபோது டேக்வாண்டோவும் கூடவே போனது. வியட்நாம் போரில் கொரியப் பயிற்றுநர்கள் படைவீரர்களுக்கு உதை கற்றுத் தந்தார்கள். எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. 1958-இல் ஓசான் விமானத் தளத்தில் பணியாற்றிய அமெரிக்க விமானப்படை இளைஞன் ஒருவன், நேரம் போக்க உள்ளூர்க் கலையான டாங் சூ டோ கற்றுக்கொண்டு, கறுப்பு பெல்ட்டோடு ஊர் திரும்பினான். அவன்தான் பின்னாளில் ஹாலிவுட் அடிதடி நாயகனான சக் நோரிஸ். வேறொரு தளத்துக்கு மாற்றலாகியிருந்தால் எண்பதுகளின் வீடியோ கேசட் கடைகள் வேறு முகத்தோடு இருந்திருக்கும்.

ஹாங்காங் தயாரிப்பாளர்கள் இதையெல்லாம் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குங்ஃபூ நாயகர்களுக்கு ஈடுகொடுக்கும் உதைகாரர்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். 1973-இல் ஏஞ்சலா மாவுடன், வாஷிங்டனில் டேக்வாண்டோ கற்றுத்தந்த ஜூன் ரீயை வைத்து ‘வென் டேக்வாண்டோ ஸ்ட்ரைக்ஸ்’ எடுத்தார்கள். 1978-இல் ஜாக்கி சான் நட்சத்திரமான ‘ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’, ‘ட்ரங்கன் மாஸ்டர்’ இரண்டிலும் அவரைப் புரட்டி எடுக்கும் வில்லன் ஹ்வாங் ஜங்-லீ ஒரு கொரிய டேக்வாண்டோ ஆசான். ஜாக்கியைக் கைதட்டி ரசித்த நம்மில் பலர், அந்த உதைகள் எந்த ஊர்க்காரருடையவை என்று கேட்டதில்லை. கொரியாவிலும் லீ டூ-யோங் 1974-இல் அடுத்தடுத்து டேக்வாண்டோ படங்களை எடுத்துத் தள்ளினார்.

இனி காலில் கட்டும் பட்டை. 1960-களில் ஹார்வர்டில் ரால்ஃப், ராபர்ட் ஷ்விட்ஸ்கெபெல் என்ற இரட்டைச் சகோதரர்கள், ராணுவம் கழித்துவிட்ட கருவிகளைக் கொண்டு, வழி தவறிய இளைஞர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வானொலி அலையால் அறியும் சாதனம் ஒன்றைச் செய்தார்கள். தண்டிக்க அல்ல. சொன்ன நேரத்துக்கு வேலைக்கோ வகுப்புக்கோ வந்தால் பாராட்டவும் பரிசு தரவும். அந்த யோசனையை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு தற்செயல். நியூ மெக்ஸிகோவின் அல்புகெர்க்கியில் ஜாக் லவ் என்ற நீதிபதி நாளிதழில் ஸ்பைடர்மேன் படக்கதை படிக்கிறார். வில்லன், ஸ்பைடர்மேன் எங்கே போனாலும் தெரியும்படி அவன் கையில் ஒரு வளையத்தை மாட்டிவிடுகிறான். நீதிபதிக்குப் பொறி தட்டியது. கணினி விற்பனையாளரான மைக்கேல் காஸிடம் இப்படி ஒன்றைச் செய்ய முடியுமா என்று கேட்டார். 1983-இல் நன்னடத்தை விதியை மீறிய ஒருவரின் கணுக்காலில் முதல் பட்டை ஏறியது. படக்கதையில் கெட்டவன் நல்லவனுக்குப் போட்டது, நீதிமன்றத்தில் இடம் மாறியது. ஹார்வர்டுச் சகோதரர்களின் பாராட்டும் பரிசும் வழியில் எங்கோ உதிர்ந்துபோயின. எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது.

தென்கொரியா 2008-இல் பாலியல் குற்றவாளிகளுக்கு இந்தப் பட்டையைக் கட்டத் தொடங்கியது. பிறகு கடத்தல், கொலை, கொள்ளைக் குற்றங்களுக்கும் சட்டம் விரிந்தது. பட்டையை அறுத்துக்கொண்டு ஓடுபவர்களும், விசாரிக்க வரும் அலுவலர்கள்மேல் பாய்பவர்களும் இருந்ததால், நன்னடத்தை அலுவலரோடு தற்காப்புக் கலை தெரிந்த ஒருவரும் போகும் பணியிடம் உருவானது. டான் சான்றிதழ் அந்த வேலைக்கான தகுதி. இயக்குநர் கிம் ஜூ-ஹ்வான் இந்தப் பணியாளர்களைத்தான் நாயகராக்கினார். ஏற்கெனவே அவர் காவல் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் இருவரை வைத்து எடுத்த ‘மிட்நைட் ரன்னர்ஸ்’ (2017), ரெஜினா கசாண்ட்ரா, நிவேதா தாமஸ் நடிப்பில் 2022-இல் தெலுங்கில் ‘சாகினி டாகினி’ ஆனது. நாயகர்கள் நாயகிகளானது அந்த மறுஆக்கத்தின் நல்ல துணிச்சல்.

ஜங்-டோவின் ஒன்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜூடோ ஒன்றிலேயே ஒருவர் ஒன்பதாம் டானைத் தொட்டால் அவர் கறுப்பை விட்டுச் சிவப்பு பெல்ட் கட்டலாம். அதற்கு வாழ்நாள் வேண்டும். கெண்டோவிலோ டான் உண்டு, அதைக் காட்டும் பெல்ட் கிடையாது. மூன்று கலைகளிலும் மூன்று மூன்றாக நிற்கும் இளைஞனின் இடுப்புக்குக் கறுப்புதான் பொருத்தம். ஒன்றில் முதிர்ந்த ஆசானாக அல்லாமல், பலவற்றிலும் விளையாட்டாகத் திரிந்த பையனாக அவனை இந்தக் கூட்டுத்தொகை காட்டிவிடுகிறது.

படத்தில் அடிதடி நிறைய. நிஜத்தில் அந்த அலுவலர்களின் இரவுகள் பெரும்பாலும் மின்கலத்தோடு கழிகின்றன. கணுக்கால் பட்டைக்கும் கைபேசியைப் போலச் சார்ஜ் ஏற்ற வேண்டும். கட்டியவர் மறந்தாலோ வேண்டுமென்றே விட்டாலோ கட்டுப்பாட்டு மையத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும். முதலில் தொலைபேசியில் அழைப்பார்கள். எடுக்காவிட்டால் நேரில் போகவேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு, கொலைக்குற்றத்தில் தண்டனை முடித்த ஒருவரின் கதவைத் தட்டி, சார்ஜரைச் செருகுங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார்கள்.