மல்லாட்டைக்கு நின்ற வரிசை

1942 டிசம்பரில் கல்கத்தாமீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அந்தப் போர்க்காலத்தில் பக்தர் குடும்பங்கள் பல, பிள்ளைகுட்டிகளோடு புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் தஞ்சம் புகுந்தன. அதுவரை அங்கே சிறு பிள்ளைகளைச் சேர்ப்பது வழக்கமில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பவா முடியும்? 1943 டிசம்பர் 2 அன்று, ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை மீரா அல்பாசா சுமார் 20 பிள்ளைகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

அதே போர் லண்டன் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தே பிரித்து ஊர்ப்புறங்களுக்கு அனுப்பியது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களை அப்படிப் பிரித்தால் பின்னாளில் குற்றங்கள் பெருகலாம் என்று 1939 டிசம்பரிலேயே ஜான் பௌல்பி, வின்னிகாட், மில்லர் என்ற மூன்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். திருட்டில் சிக்கிய 44 சிறார்களைப் பற்றிய ஆய்வைப் பௌல்பி 1944-இல் வெளியிட்டார். யாரிடமும் பாசம் ஒட்டாதவர்கள் என அவர் வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர், சின்ன வயதில் தாயை நீண்ட நாள் பிரிந்திருந்தவர்கள்.

புதுச்சேரியில் சாயங்காலமானால் பிள்ளைகள் விளையாட்டுத் திடலுக்கு வந்துவிடுவார்கள். சிறுமிகளுக்கும் அரைக்கால் சட்டைதான். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். சுவரில் இந்திய வரைபடம். அதன் முன் நின்று அன்னை அணிவகுப்பைப் பார்ப்பார். பிறகு வரிசையில் வருகிறவர்களுக்குத் தம் கையாலேயே வேர்க்கடலை கொடுப்பார். இந்தப் பக்கத்து வழக்கில் மல்லாட்டை. முன்னால் நிற்பவனை இடிக்காமல், தன் முறை வரும்வரை காத்திருப்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு லேசான காரியமா? நாளைக்கும் அன்னையின் அதே முகம் அதே இடத்தில் நிற்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அந்தப் பொறுமை கைகூடும்.

1951-இல் அன்னை கல்வி பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். ஓயாமல் திட்டு வாங்கும் பிள்ளைக்குத் திட்டு உறைக்காமல் போகும். பயம் பொய்யைத்தான் வளர்க்கும். பெற்றோர் முதலில் தங்கள் கோபத்தை அடக்கப் பழக வேண்டும் என்றார். குழந்தையின் மனநலத்துக்குத் தாயின் நிலையான அரவணைப்பு எவ்வளவு அவசியம் என்று உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பௌல்பி எழுதிய அறிக்கை வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

அடிப்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் கைநீட்டல் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லக் குறைகிறது என்று மாண்ட்ரியால் ஆய்வாளர் ரிச்சர்டு ட்ராம்ப்லே பின்னாளில் காட்டினார். வாயால் கேட்டு வாங்கவும் விட்டுக்கொடுக்கவும் பழகப் பழகக் கை தாழ்கிறது. அந்தப் பழக்கத்துக்குத் திடல் நல்ல களம். ஆனாலும் பெற்றோரைப் பிரிந்து அங்கே விடுதியில் வளர்ந்த பிள்ளைகளும் உண்டு; அவர்களின் ராத்திரி ஏக்கத்தை எந்தத் திடலும் முழுசாகத் தீர்த்திருக்காது.