பரோடாவின் புறாத்தசை

தசையின் எரிபொருள் புரதமே என்றார் லீபிக். 1865இல் ஃபிக்கும் விஸ்லிசேனசும் புரத உணவைத் தவிர்த்து ஃபவுல்ஹார்ன் மலையேறினர். சிறுநீர் நைட்ரஜனை அளந்து அக்கருத்தைத் தகர்த்தனர். பின்னர் மாவுச்சத்தே பெரிதும் பேசப்பட்டது.

கொழுப்புக்குரிய இடத்தைப் பறவைத்தசையில் தேடியவர்களுள் முக்கியமானவர், பரோடாப் பல்கலைக்கழகத்தின் ஜே. சி. ஜார்ஜ். மலையேற்றக் கதையைச் சொல்லும் நூல்கள் இவரை ஏனோ கடந்துவிடுகின்றன. ஜார்ஜும் நாயக்கும் 1958இல் ‘நேச்சர்’ இதழில் புறாவின் மார்புத்தசையைப் பற்றி எழுதினர்: அகன்ற வெண்ணிழைகளில் கிளைக்கோஜன், ஒடுங்கிய செவ்விழைகளில் கொழுப்பு. சட்டென்று மேலெழ முன்னது, நெடுநேரம் பறக்கப் பின்னது எனலாம்.

கணக்கும் அதற்கு இசைகிறது. ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரி தரும். கிளைக்கோஜன் 4தான், அதுவும் மும்மடங்கு நீரைச் சுமந்துகொண்டு. குஜராத் வயல்களிலிருந்து நடு ஆசியாவுக்குத் திரும்பும் சோளப்பட்சிக்கு அச்சுமை கட்டுப்படியாகாது.