சீத்தைச் சட்டைக்கு 5 பவுண் அபராதம்

கடந்த ஒரு வருடமாக எனது சனிக்கிழமைப் பின்னேரங்கள் ஊசியோடும் நூலோடும் போயிருக்கின்றன. பழைய காலத்து உடைகளை அந்தக் காலத்து முறையிலேயே கையால் தைத்து, கோடையில் பழைய மாளிகைகளிலும் கிராமத்து விழாக்களிலும் உடுத்திக்கொண்டு நடமாடுவது இந்த நாட்டில் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. நான் எடுத்துக்கொண்டது 18ஆம் நூற்றாண்டு லண்டன் பெண் ஒருத்தியின் உடை. முதலில் லினன் துணியில் உள்ளங்கி. பிறகு இரண்டு பாவாடைகள். பிறகு இடுப்பில் நாடாவால் கட்டிக்கொள்ளும் இரண்டு பைகள் (அந்தக் காலத்துப் பெண்கள் உடையோடு சேர்த்துப் பை தைப்பதில்லை, தனியாகத்தான் கட்டிக்கொள்வார்கள்). கடைசியாகப் பூப்போட்ட பருத்தித் துணியில் ஒரு குட்டைச் சட்டை.

"வெள்ளைக்காரரின் பழைய உடுப்பு உங்களுக்கு எதற்கு அக்கா?" என்று வாலிபர் கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல. அந்தச் சட்டைத் துணியின் கதை வெள்ளைக்காரரிடம் தொடங்கவில்லை. நான் 1740ஆம் ஆண்டு லண்டன் தெருவில் அதை அணிந்து போயிருந்தால் சட்டப்படி நான் குற்றவாளி என்பதும் அந்தக் கதையில் ஒரு பகுதி.

ஆங்கிலத்தில் அந்தத் துணியைச் சின்ட்ஸ் என்பார்கள். தமிழ்நாட்டில் சீட்டி. எங்கள் யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் சீத்தை என்றார்கள். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் உலகம் விரும்பித் தேடிய சீத்தைகளில் மிகச் சிறந்தவை சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினத்திலிருந்து தெற்கே நாகப்பட்டினம் வரையான தெலுங்கு, தமிழ் ஊர்களில் செய்யப்பட்டவை. அதற்குமுன் ஐரோப்பியரிடம் கம்பளி இருந்தது, லினன் இருந்தது, பணக்காரரிடம் பட்டு இருந்தது. துவைத்தாலும் நிறம் போகாத, பூக்கள் நிறைந்த, இலேசான துணி இருக்கவில்லை. பருத்தியில் சிவப்பு நிறத்தை நிலைக்கவைக்க அவர்களுக்குத் தெரியாது. எங்கள் கரையில் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அதைச் செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளுத்த துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு, பின்னால் வரையும் கோடு துணியில் ஊறிப் பரவாமல் தடுக்கும். கருமை வேண்டிய கோடுகளை இரும்பு ஊறிய புளித்த நீரால் வரைவார்கள். இரும்பு கடுக்காயோடு சேர்ந்ததும் கோடு கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் பூசுவது சிவப்புச் சாயம் அல்ல, படிகார நீர். பிறகு முழுத் துணியையும் சாயவேர் போட்டுக் காய்ச்சுவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய மங்கல் நிறத்தைச் சாணம் கரைத்த நீரில் ஊறவைத்தும் வெயிலில் விரித்தும் போக்குவார்கள். நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்தையும் மெழுகால் மூடி, துணியை அவுரிச் சாயத் தொட்டியில் அமிழ்த்துவார்கள். பச்சை இலைக்கு நீலத்தின்மேல் மஞ்சளைப் பூசுவார்கள். அந்த மஞ்சள் நாளடைவில் மங்கிப்போவதால்தான் அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சீத்தைகளில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும்.

சாயவேர் என்பது கடலோர மணலில் வளரும் ஒரு சின்னச் செடியின் வேர். சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் வளர்ந்த வேர் நல்ல சிவப்புத் தரும். மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரங்களிலும் கிடைத்த வேருக்கு நல்ல பெயர் இருந்ததால் ஒல்லாந்தர் அதைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். அதைத் தோண்டியவர்கள் விரும்பித் தோண்டியவர்கள் அல்லர். அது அவர்கள்மேல் சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட ஊழியம். பூவின் அழகைப் பேசும்போது இதையும் பேசத்தான் வேண்டும்.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் துணி லண்டனைப் பிடித்துக்கொண்டது. எஜமானியும் அணிந்தாள், வேலைக்காரியும் அணிந்தாள். படுக்கைக்கும் சன்னலுக்கும் அதுவே. கிழக்கிந்தியக் கம்பனிக்கு நல்ல இலாபம். கம்பளியும் பட்டும் நெய்தவர்களுக்கோ தறி நின்றது. 1697இல் நெசவாளர்கள் கம்பனியின் தலைமை அலுவலகத்தையே தாக்கினார்கள். 1700இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: இந்தியாவிலிருந்து வரும் சாயமிட்ட, பூப்போட்ட பருத்தித் துணிகளை வெளிநாடுகளுக்கு மறுபடி அனுப்பலாம், இங்கிலாந்துக்குள் உடுத்தக் கூடாது. ஆனால் வெள்ளைத் துணியாகக் கொண்டுவந்து லண்டனில் பூ அச்சடித்தால் சட்டம் தொடாது. அப்படியே செய்தார்கள். நெசவாளருக்கு மறுபடியும் பஞ்சம்.

இந்த நெசவாளர்கள் யார் என்பதுதான் என்னைத் தைப்பதை நிறுத்தி வாசிக்க வைத்தது. லண்டனில் அவர்கள் நெருங்கி வாழ்ந்த இடம் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ். ஆங்கிலேய நெசவாளரும் அங்கே இருந்தார்கள். ஆனால் பட்டு நெசவில் பெயர் பெற்றவர்கள் ஹியூகனோக்கள் என்ற பிரெஞ்சுப் புரொட்டஸ்தாந்தினர். 1685இல் பிரான்சின் அரசர் 14ஆம் லூயி அவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை நீக்கினார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் இரவோடு இரவாக, படகுகளில், விசுவாசத்தையும் கைத்தொழிலையும் தவிர வேறொன்றுமில்லாமல் இங்கிலாந்துக்கு வந்தார்கள். 'அகதி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லே அவர்களோடுதான் பிரெஞ்சிலிருந்து வந்தது. நம் சபையில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாத வீடுகள் பல.

1719 ஜூனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். பூப்போட்ட பருத்தி உடை அணிந்த பெண்களைத் துரத்தி, உடையைப் பிடித்துக் கிழித்தார்கள். மையை ஊற்றினார்கள். சிலர் உலோகத்தை அரிக்கும் அமிலத்தையே வீசினார்கள். படையை அழைக்க வேண்டியதாயிற்று. சிலர் சிறைக்குப் போனார்கள். ஆனாலும் தெருக்களில் பெண்களைத் தாக்குவது அந்தக் கோடையோடு முடிந்துவிடவில்லை. அதே ஆண்டு 'ராபின்சன் குரூசோ'வை வெளியிட்ட டேனியல் டீஃபோ நெசவாளர் பக்கம் நின்று ஒரு பத்திரிகையே நடத்தினார்.

அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் எபேசுவின் தட்டான் தெமேத்திரியு கூட்டிய கலகத்தை நாம் வாசித்திருக்கிறோம். தொழில் போகிறதே என்ற பயம் அங்கே தேவதையின் பெயரில் எழுந்தது. லண்டனில் அது நாட்டின் பெயரில் எழுந்தது. ஆனால் தெமேத்திரியுவை வெறுப்பது எனக்குச் சுலபம். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளரை வெறுக்க முடியவில்லை. அவர்களின் பிள்ளைகள் உண்மையாகவே பட்டினி கிடந்தார்கள். அதற்காக அவர்கள் செய்தது சரி என்றும் சொல்லமாட்டேன். 1697இல் கம்பனியின் கதவைத் தட்டியவர்கள் 1719இல் தெருவில் நடந்துபோன பெண்ணின் தோளில் கை வைத்தார்கள். கம்பனியின் பங்குதாரர் எவருடைய சட்டையும் கிழியவில்லை.

கலகம் பலித்தது. 1721இல் வந்த சட்டம் இங்கிலாந்தில் அச்சிட்டதையும் சேர்த்துப் பூப்போட்ட பருத்தித் துணி அனைத்தையும் தடை செய்தது. 1722 கிறிஸ்மஸ் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அணிந்தவருக்கு 5 பவுண் அபராதம், அது காட்டிக்கொடுத்தவருக்குப் போகும். விற்றவருக்கு 20 பவுண். 5 பவுண் என்பது அன்றைய லண்டன் கூலியாள் ஒருவரின் ஏறத்தாழ இரண்டு மாத உழைப்பு. முழுவதும் நீலமாகச் சாயமிட்ட துணிக்கும் மஸ்லினுக்கும் விலக்கு இருந்தது. 1736இல் லினன் கலந்த பருத்திக்குத் தளர்வு வந்தது. முழுப் பருத்திக்கு 1774 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் இங்கிலாந்திலேயே நெய்த பருத்திக்கு. இந்தியச் சீத்தைக்குக் கதவு திறக்கவில்லை. 1775இல் புகழ்பெற்ற நடிகர் டேவிட் கரிக்கின் மனைவிக்குப் பரிசாக வந்த சோழமண்டலக் கரைச் சீத்தைக் கட்டில் திரைகளைச் சுங்க அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கரிக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். அந்தக் கட்டிலும் திரைகளும் இன்று விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சட்டம் இருந்தாலும் ஏழைப் பெண்களுக்கும் பூத்துணியில் ஆசை போகவில்லை. 1741 முதல் லண்டன் அனாதைக் குழந்தைகள் இல்லம், விடப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அடையாளம் பதிந்து வைத்தது. எழுத்தறியாத தாய்மாருக்காகத் துணித்துண்டு ஒன்றைப் பதிவேட்டில் குத்தி வைப்பார்கள். ஏறத்தாழ 5,000 துண்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பல பூவும் கொடியும் அச்சிட்ட, இங்கிலாந்திலேயே செய்த மலிவான துணிகள். ஆனால் அந்தப் பூக்களின் மூலம் நம் கரைதான்.

அந்தக் கரையில் அப்போது என்ன நடந்தது? லண்டனில் உடைகள் கிழிந்த 1719இல் சென்னையின் ஆளுநர் ஜோசப் கொலட். பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர். நெசவாளரைக் குடியேற்றி அவர் பெயரில் உண்டான கொலட் பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. 1734இல் உண்டான சின்னத்தறிப்பேட்டை இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. லண்டனில் உடுத்தத் தடை, சென்னையில் நெய்ய அழைப்பு: கம்பனிக்கு இரண்டும் பொருந்தின, ஏனென்றால் துணியை வேறு நாடுகளுக்கு விற்கலாம். ஒல்லாந்தில் தடையே வரவில்லை. ஹிண்டலோப்பன் என்ற சிறு துறைமுக ஊரில் பெண்களின் மரபு உடையே நம் கரைச் சீத்தையில் தைத்ததுதான்.

அதே 1719 பெப்ரவரியில் தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் காலமானார். அவருடைய மிஷனுக்கு லண்டனின் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் அனுப்பிய அச்சியந்திரம் கம்பனிக் கப்பலில்தான் புறப்பட்டது. அந்தக் கப்பல்கள் திரும்பும்போது துணி ஏற்றிக்கொண்டு வந்தன. நம் வேதாகமத்தின் கதையும் இந்தச் சீத்தையின் கதையும் ஒரே கடல்வழியில் போய்வந்தவை.

சாயமிடும் முறை எப்படி ஐரோப்பாவுக்குப் போனது என்பதிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. 1742இல் பாண்டிச்சேரிப் பகுதியில் ஊழியம் செய்த கேர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு, அதன் படிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். அவருக்கு விவரம் சொன்னவர்கள் அவரிடம் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற துணி ஓவியர்கள். தனித்தனியாக அவர்களிடம் கேட்டு, பதில்களை ஒப்பிட்டு எழுதினார். கடிதம் அச்சாகிப் பரவியது. தங்கள் வயிற்றுப்பிழைப்பைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? குருவை நம்பிச் சொன்னார்கள். அந்தக் கடிதத்தோடு தொழில் விழவில்லை. 1783இல் தோமஸ் பெல் உருளையால் துணி அச்சடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வாரக்கணக்கான கைவேலையால் அந்த இயந்திரத்தோடு போட்டியிட முடியவில்லை. கேர்தூவின் பெயர் இருக்கிறது, பெல்லின் பெயர் இருக்கிறது, கட்டிலில் படுத்த கரிக்கின் பெயரும் இருக்கிறது. ஓவியர் ஒருவருடைய பெயரும் அந்தக் கடிதம் வழியாக நமக்கு வரவில்லை.

தைக்கும்போது இன்னொன்று கண்டேன். அந்தக் காலத்துப் பெண்கள் உடைகளின் பாவாடைப் பகுதியில் தையல் நீளமாக, தளர்வாக இருக்கும். அவசரத்தில் தைத்ததோ என்று தோன்றும். உண்மையில் தையற்கூலியைவிடத் துணியின் விலை பல மடங்கு. நாளைக்குப் பிரித்து வேறு விதமாகத் தைக்க வசதியாகவே அப்படித் தைத்தார்கள். அருங்காட்சியகச் சீத்தை உடைகள் பலவற்றில் பிரித்துத் தைத்த ஊசித்துளைகளைப் பார்க்கலாம். தாயின் உடை மகளுக்கு, கட்டில் திரை சட்டைக்கு, கடைசியில் குழந்தையின் தொப்பிக்கு. யோப்பாவின் விதவைகள் தொற்காள் தைத்த அங்கிகளைப் பேதுருவிடம் எடுத்துக் காட்டி அழுததன் அர்த்தம், ஒரு சட்டையை நானே கையால் தைத்து முடித்த பிறகுதான் எனக்குச் சரியாக விளங்கியது.

கோடை விடுமுறையில் வாலிபர் ஐக்கியம் எங்காவது போக யோசித்தால் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து நடந்தால் 1719இல் கட்டிக்கொண்டிருந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிறிஸ்து ஆலயம். அதன் பக்கத்துத் தெருவில் நெசவாளர் வீடுகள், மேல்தளத்தில் தறிக்கு வெளிச்சம் வர வைத்த அகலமான சன்னல்கள். தெரு முடிவில், பிரிக் லேன் மூலையில், 1743இல் ஹியூகனோக்கள் கட்டிய ஆலயம். 1819இல் அது மெதடிஸ்த ஆலயம், 1898இல் யூத ஜெப ஆலயம், 1976 முதல் பள்ளிவாசல். பின்னேரம் சவுத் கென்சிங்டனுக்குப் போனால் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. அங்கே சோழமண்டலக் கரைச் சீத்தை எதையாவது கண்டால் இலைகளின் நிறத்தைக் கவனியுங்கள்.