வடிசாலைக்கும் விருந்து மேசைக்கும் இடையில்



நமது மாதாந்த வரலாற்று உரை வரிசையில் இம்முறை ஒரு மதுபானத்தின் கதையைச் சொல்லப்போகிறேன். குடிப்பழக்கத்துக்குப் புகழ்மாலை சூட்டுவது என் நோக்கமல்ல. ஒரு பொருளைச் செய்பவருக்கும் அதை வாங்குபவருக்கும் நடுவே யார் நிற்கிறார்கள், அங்கே நின்று அவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெறுமதி மிக்க மதுபானக் கம்பனி என்றதும் நம்மில் பலருக்கு ஸ்கொட்லாந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் 2017 இல், ஜொனி வோக்கர் விஸ்கியை விற்கும் டியாஜியோவைப் பங்குச் சந்தை மதிப்பில் முந்தியது சீனாவின் குய்ஜோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றின் கம்பனி. அவ்வூரின் பெயர் மாவோதாய். மதுவின் பெயரும் அதுவே. (தலைவர் மாவோவின் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை, சீன எழுத்தே வேறு.)

சிஷுய் என்றால் செந்நீர் என்று பொருள். அந்த ஆற்றின் கரையில், நாங்கள் இறுங்கு என்று சொல்லும் சோளவகையையும் கோதுமையால் செய்த நொதியையும் கொண்டு இதனை வடிக்கிறார்கள். ஓராண்டுச் சுற்றில் ஒன்பது முறை அவித்து, எட்டு முறை புளிக்கவைத்து, ஏழு முறை மது எடுப்பார்கள். பின்னர் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் சாடிகளில் வைத்து, கலந்து, மீண்டும் வைத்து, போத்தலில் அடைக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகிவிடும். இதை மனதில் வைத்திருங்கள். இன்று கடைக்கு வரும் மதுவின் அளவு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானமான ஒன்று. கேள்வி கூடினால் அடுத்த மாதமே கூடுதலாக வடித்து விற்க முடியாது.

1915 இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் இம்மது பரிசு பெற்றதாகக் கம்பனி பெருமையுடன் சொல்லிக்கொள்ளும். அங்கே சாடி ஒன்று தவறி விழுந்து உடைய, மண்டபமெங்கும் வாசனை பரவி நடுவர்களை மயக்கியது என்ற கதையும் உண்டு. எனக்கு அது விளம்பரக்காரர்களின் கைவண்ணமாகவே படுகிறது. 1935 இல் நெடும் பயணத்தின்போது செஞ்சேனை இவ்வூரைக் கடந்து சென்றது. அதுவே பிற்காலத்தில் அரச விருந்துகளில் இதற்கு முதலிடம் தேடிக்கொடுத்தது எனலாம். 1951 தொடக்கம் அவ்வூரின் மூன்று தனியார் வடிசாலைகள் ஒன்றிணைக்கப்பட்டு அரச ஆலையாயின. 1972 பெப்ரவரியில் பெய்ஜிங்கில் சூ என்லாயும் அமெரிக்க அதிபர் நிக்சனும் கிண்ணம் உயர்த்தியது இந்த மதுவுடன்தான்.

திட்டமிட்ட பொருளாதாரக் காலத்தில் விற்பனை பற்றி ஆலை கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. சீனி, புகையிலை, மது ஆகியவற்றுக்கான அரச மொத்த விற்பனை நிறுவனங்கள் எடுத்துச் செல்லும். விலையையும் அரசே நிர்ணயிக்கும். 1988 இல் பெயர்பெற்ற மதுவகைகள் மீதான விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1998 இல், ஆசிய நிதி நெருக்கடியோடு ஷான்ஷி மாகாணத்தில் மெதனோல் கலந்த போலி மது பலரின் உயிரைப் பறித்த செய்தியும் சேர்ந்துகொள்ள, வெண்மது என்றாலே மக்கள் பயந்தார்கள். அரச மொத்த வியாபாரிகளை நம்பியிருந்த ஆலை, முதன்முறையாகத் தானே முகவர்களைத் தேடி அலையவேண்டியதாயிற்று. கம்பனியின் பெயர்ப்பலகையுடன் தனிக்கடைகள் முளைத்தன. 2001 ஓகஸ்டில் ஷங்ஹாய் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 31.39 யுவான் விலையில் கம்பனி பட்டியலிடப்பட்டது.

இந்த முகவர் முறைதான் கம்பனியைத் தூக்கி நிறுத்தியது என்பதை மறைக்கக்கூடாது. முகவர்கள் முதலில் பணத்தைக் கட்டுவார்கள். சரக்கு பின்னர்தான் வரும். ஆகவே கம்பனியின் காலாண்டு அறிக்கையைப் படிப்பவர்கள் இலாபத்தைப் பார்க்குமுன் முகவர்கள் கட்டிய முற்பணம் எவ்வளவு என்றே பார்ப்பார்கள். அது குறைந்தால் முகவருக்கு நம்பிக்கை குறைகிறது என்று பொருள்.

2012 டிசம்பரில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி ஆடம்பர விருந்துகளுக்குத் தடை போட்டது. 2,000 யுவானைத் தாண்டியிருந்த ஒரு போத்தலின் சந்தை விலை சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. விலையைக் குறைத்து விற்காதீர்கள் என்று முகவர்களைக் கட்டாயப்படுத்திய கம்பனிக்கு 2013 இல் 247 மில்லியன் யுவான் தண்டம் விதிக்கப்பட்டது. ஆனால் அதிகாரிகள் விட்ட இடத்தைத் தொழிலதிபர்களும் கல்யாண வீட்டார்களும் நிரப்பினார்கள். விலை மறுபடி ஏறியது.

இனித்தான் கதையின் முக்கிய கட்டம். 2018 இல் ஃபெய்தியன் என்னும் 53 பாகை போத்தலுக்கு ஆலை முகவரிடம் பெற்ற விலை 969 யுவான். கடையில் விற்கவேண்டிய விலையாகக் கம்பனி சொன்னது 1,499 யுவான். சந்தையிலோ பின்னர் 2,500 யுவானையும் தாண்டிப் போனது. அதாவது ஐந்து ஆண்டுகள் பாடுபட்டு வடித்தவருக்குக் கிடைத்ததைவிட, லொறியிலிருந்து இறக்கி வைத்தவருக்குக் கிடைத்தது அதிகம்! முகவர் உரிமைப் பத்திரம் பணம் அச்சிடும் இயந்திரம்போல் ஆகிவிட்டது. நீண்டகாலத் தலைவர் யுவான் ரென்குவோ 2018 இல் பதவி இழந்தார். மது விற்கும் உரிமையைத் தொடர்புகள் வளர்க்கும் கருவியாக்கினார் என்று 2019 இல் கட்சி அவரை வெளியேற்றியது. 112 மில்லியன் யுவானுக்கு மேல் இலஞ்சம் பெற்றதாக 2021 இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அதன்பின் கம்பனி நூற்றுக்கணக்கான முகவர்களை நீக்கி, அவர்களுடைய பங்கைப் பேரங்காடிகளுக்கும் தன் சொந்தக் கடைகளுக்கும் கொடுத்தது. 2019 ஓகஸ்டில் ஷங்ஹாயில் கொஸ்ட்கோ திறந்த நாளில் 1,498 யுவானுக்கு இந்த மது விற்கப்பட, கூட்டம் தாங்காமல் அங்காடியை நேரத்தோடு மூடவேண்டி வந்தது. பதுக்குவதைத் தடுக்க 2021 இல் பெட்டியை உடைத்தே விற்கவேண்டும் என்றார்கள். விளைவு, உடைக்காத பெட்டியின் விலை இன்னும் ஏறியது. 2022 இல் "ஐ-மாவோதாய்" என்ற கைத்தொலைபேசிச் செயலி வந்தது. லொத்தர்போலப் பதிவுசெய்து, அதிர்ஷ்டம் உள்ளவர் வாங்கலாம்.

கணக்கைப் பாருங்கள். 2019 இல் நேரடி விற்பனை ஏறக்குறைய 7.2 பில்லியன் யுவான். மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. 2023 இல் அது 67 பில்லியனைத் தாண்டி, பாதியை நெருங்கியது. இந்த ஆண்டுகளின் வளர்ச்சியைப் பலர் மதுவின் புகழாகவே எழுதினார்கள். என் பார்வையில் அதன் பெரும் பகுதி, நடுவில் நின்றவரின் சட்டைப்பையிலிருந்து கம்பனியின் பைக்கு மாறிய பணம். அதே போத்தலை முகவருக்கு 969 க்குக் கொடுப்பதற்கும் வாடிக்கையாளருக்கு 1,499 க்குக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. 2023 நவம்பரில் முகவர் விலையையும் 1,169 ஆக உயர்த்தினார்கள். 2024 இல் தேறிய இலாபம் 86 பில்லியன் யுவான்.

ஆனால் இந்த வழி ஒரு நிபந்தனையில் நின்றது: சந்தை விலை எப்போதும் 1,499 ஐவிட உயரத்தில் இருக்கவேண்டும். வீடு, காணி விலைகள் சரிந்து, வியாபார விருந்துகள் குறைந்த சீனாவில் 2024 இலிருந்து அந்த உயரம் தேயத் தொடங்கியது. 2025 மே மாதம் அரச விருந்துகளில் மதுவுக்கே தடை வந்தது. அவ்வாண்டின் மூன்றாம் காலாண்டில் வருமான வளர்ச்சி வெறும் 0.35 வீதம். ஐ-மாவோதாய் விற்பனை முந்திய ஆண்டின் பாதிக்கும் கீழே போக, நேரடி விற்பனை சுருங்கி, பழைய முகவர் வழியே வளர்ந்தது. வெளியே அதே விலைக்குக் கிடைக்கும் பொருளுக்கு யார் லொத்தர் எழுதுவார்கள்? சரக்கை ஏற்றுக்கொண்டு முற்பணம் கட்ட மறுபடியும் முகவர்தான் தேவைப்பட்டார், அதுவும் அவருடைய இலாபம் மெலிந்து போயிருந்த நேரத்தில்.

2025 இன் இறுதியில் சந்தை விலை 1,499 ஐத் தொட்டு அதற்குக் கீழும் போனது. 2026 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் ஃபெய்தியன் போத்தலை அதே 1,499 யுவானுக்கு, அளவுக் கட்டுப்பாட்டுடன், நாள்தோறும் செயலியில் விற்பதாகக் கம்பனி அறிவித்தது. முன்பு 2,500 கொடுத்து வாங்கி, விலை ஏறும் என்று பெட்டி உடைக்காமல் கட்டிலுக்கடியில் வைத்த குடும்பங்கள் சீனாவில் நிறைய. அந்தப் போத்தல்கள் கம்பனியின் கணக்கில் எப்போதோ விற்றுத் தீர்ந்தவை. அவற்றின் நட்டம் எந்தக் காலாண்டு அறிக்கையிலும் வராது.