பயணத்தில் பிறந்த ஓட்டம்

1962ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்து மெய்வல்லுநர் பயிற்றுநர் ஒருவர் தமது வீரர்களுடன் நியூசிலாந்துக்குப் புறப்பட்டார். அவர் பெயர் பில் பவர்மன், வயது 51. நான்கு மைல் அஞ்சலோட்டத்தில் அவரது அணி அவ்வருடம் உலக சாதனை படைத்திருந்தது. அந்தச் சாதனை அதற்கு முன்னர் நியூசிலாந்து வீரர்களுக்குரியதாக இருந்தமையால், இரு தரப்பும் சந்தித்துக்கொள்ள ஏற்பாடாகியிருந்தது. பவர்மன் அங்கு சுமார் ஆறு வாரங்கள் தங்கினார். அவரை உபசரித்தவர் ஆர்தர் லிடியார்ட்.

லிடியார்டை அறியாத வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டப் பயிற்சியளித்தவர் அவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மறே ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும் ஒரே நாளில், ஒரு மணித்தியால இடைவெளிக்குள், தங்கம் வென்றனர். ஆயினும் உலகம் அவருக்கு அதிகம் கடன்பட்டிருப்பது வேறொன்றுக்காக என்பது என் கருத்து. இருதய நோயாளிகளையும் தொந்தி விழுந்த வர்த்தகர்களையும் ஓக்லண்ட் நகரில் ஒன்றுசேர்த்து, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அவர் ஓடவைத்தார். போட்டியில்லாத, பரிசில்லாத ஓட்டம் அது.

ஒரு ஞாயிறு காலை லிடியார்ட் தமது விருந்தாளியையும் அந்தக் கூட்டத்துடன் அனுப்பினார். உலக சாதனை அணியின் பயிற்றுநருக்குச் சில நூறு யார்களிலேயே மூச்சு வாங்கியது. எழுபது வயதைக் கடந்த, மாரடைப்புக்களிலிருந்து மீண்ட ஒரு முதியவர் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக வந்தார். வழிநெடுகப் பேசியும் வந்தார். பவர்மனால் பதில் சொல்ல இயலவில்லை. பிறரை ஓடவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தாம் ஓடுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டதை அன்றுதான் கண்டுகொண்டார். தங்கியிருந்த மீதி நாட்களெல்லாம் ஓடினார். 1963இன் தொடக்கத்தில் ஊர் திரும்பியதும் தமது ஊரான யூஜினில் பொதுமக்களை மைதானத்துக்கு அழைத்தார். சில வாரங்களில் கூட்டம் பெருகிவிட, யாராவது விழுந்து இறந்துவிடுவார்களோ என்று பயந்து, இருதய வைத்தியர் வோல்டோ ஹரிஸைத் துணைக்கழைத்து முறையான திட்டமொன்றை வகுத்தார். இருவரும் இணைந்து எழுதி 1967இல் வெளிவந்த ‘ஜொக்கிங்’ என்ற சிறு நூல் பத்து இலட்சம் பிரதிகள் விற்றது. 1968இல் கென்னத் கூப்பரின் ‘ஏரோபிக்ஸ்’ வந்தது. அதன் பிறகு நடந்ததை அனைவரும் அறிவர்.

விடுமுறையும் பயணமும் ஓடும் பழக்கத்தைக் கெடுத்துவிடும் என்று நாம் பேசிக்கொள்கிறோம். சாதாரண மனிதனின் ஓட்டம் என்ற பழக்கம் உலகெங்கும் பரவியதோ, ஒருவர் வெளியூர் போன இடத்தில் கற்றுக்கொண்டதை வீடு திரும்பிய பின்னும் விடாமல் வைத்திருந்தமையால்தான். இந்த முரண் எனக்கு மிகவும் பிடித்தமானது.

அக்காலத்தில் தெருவில் ஓடும் நடுத்தர வயது மனிதன் அமெரிக்காவிலேயே சந்தேகத்துக்குரியவன்தான். தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் 1968இல் தமது 65ஆவது வயதில் ஓடிக்கொண்டிருந்தபோது பொலிஸார் அவரை மறித்து விசாரித்தது அன்றைய பத்திரிகைகளில் செய்தியானது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கரையோரத்தில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை, அதிகாலை இருட்டில் ஓடுகின்ற ஒருவன் எதிலிருந்து ஓடுகிறான், எதை நோக்கி ஓடுகிறான் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்தது. சோதனைச் சாவடியில் துவிச்சக்கர வண்டியை விட்டிறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி மெதுவாக நடக்கவேண்டும், ஓடக்கூடாது. ஒரு தலைமுறையே மெதுவாக நடக்கப் பழக்கப்பட்டது. உடற்பயிற்சியில் ஆர்வமில்லாத சமூகம் என்று எம்மைக் குறைகூறுவோர் இதனையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

ஓட்டம் எமக்கு அந்நியமானதல்ல. அஞ்சலோட்டம் என்ற சொல்லிலேயே ஒரு தபால்காரன் இருக்கிறான். திருவிதாங்கூர் அரசின் ‘அஞ்சல்’ சேவையில், மணிகள் கட்டிய கோலுடன் ஓட்டக்காரர்கள் கடிதப் பையைச் சுமந்து ஓடினார்கள். மணியோசை கேட்டால் வழிவிட வேண்டும். அச்சேவை 1951இல் இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. அது கூலிக்கான ஓட்டம். அடுத்தது போட்டிக்கான ஓட்டம். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் டங்கன் வைட் வெள்ளி வென்றார். 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் லூசியன் ரோசா 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றார். எங்கள் பாடசாலைகளிலும் வருட ஆரம்பத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் ஹிரா, சபா, மர்வா என்று இல்லங்கள் பிரிந்து, முதல் நிகழ்வாக மரதன் ஓட்டம் நடக்கும். அதற்கென்று இரண்டு வாரம் ஊரே ஓடும். பரிசளிப்பு முடிந்த மறுநாள் தெரு வெறிச்சோடிவிடும். கூலியுமின்றிப் பரிசுமின்றி, ஐம்பது வயதில் ஒருவன் ஒவ்வொரு நாளும் ஓடலாம் என்ற எண்ணம் மட்டும்தான் எமக்குப் புதிது. உண்மையில் அது உலகத்துக்கே புதிது. அறுபது வருடங்களைச் சற்றே தாண்டியது.

புதிய பழக்கங்கள் எளிதில் அறுந்துவிடுவது இயல்பு. எங்கள் பகுதியில் அது அறுபடும் இடம் நோன்பு மாதமும் அதைத் தொடரும் பெருநாள் விடுமுறையுமாகும். 2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. ஒரு மாத நோன்பு. அதன்மேல் ஒரு வார விருந்து. அதன்மேல் பிள்ளைகளின் விருப்பப்படி வேன் ஒன்றில் குடும்பமாக நுவரெலியாப் பயணம். நோன்பு காலத்தில் வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும், நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னர், இருபது நிமிடம் ஓடிவந்தேன். நுவரெலியாவிலும் சப்பாத்தை எடுத்துச் சென்றிருந்தேன். சுபஹுத் தொழுகையின் பின் நான் அதை அணிவதைக் கண்ட மனைவி, “ஊருல ஓடினது காணாதா? இஞ்சயும் ஓடணுமா?” என்றார். பிள்ளைகள் போர்வைக்குள்ளிருந்து சிரித்தார்கள்.

கிரகரி ஏரியை ஒட்டிய வீதியில் ஓடினேன். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், அமைக்கப்பட்ட ஏரி அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். கடல் மட்டத்திலேயே வாழ்ந்து பழகிய நெஞ்சுக்கு அந்த உயரத்தின் மெலிந்த காற்று உடனே தெரிந்துவிடும். ஊரில் ஓடும் வேகத்தை அங்கே எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. பேசக்கூடிய வேகம் என்ற லிடியார்டின் அளவுகோல்தான் அங்கு கைகொடுத்தது. காலை உணவுக்கு முன் திரும்பிவிட்டேன். குடும்பத்தின் ஒரு நிமிடத்தையும் நான் எடுக்கவில்லை என்பது பின்னர் மனைவியாலும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இடைவெளி விழுந்தால் உடலில் என்ன நடக்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் இருபது வயதளவிலான ஐந்து இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே கிடத்தி ஆராய்ந்தனர். அவர்களின் உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச அளவு கால் பங்குக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்க வைத்திருந்த அன்றைய வைத்திய வழக்கத்தை மாற்றியதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. அதைவிட என்னைக் கவர்ந்தது அதன் இரண்டாம் பாகம். முப்பது வருடங்களின் பின், ஐம்பது வயதாகிவிட்ட அதே ஐவரையும் தேடிப்பிடித்து மீண்டும் அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகமாக இருந்தது. ஆறு மாதப் பயிற்சியில், வயதால் இழந்த அந்தத் திறனை அவர்கள் திரும்பப் பெற்றார்கள். ஐம்பதைக் கடந்த எனக்கு இது ஏட்டுச் செய்தியல்ல.

படுத்துக்கிடப்பது வேறு, விடுமுறையில் ஓடாதிருப்பது வேறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எட்வர்ட் கொய்லும் அவரது குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை முற்றாக நிறுத்தியபோது முதல் மூன்று வாரங்களுக்குள் அத்திறன் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் 16 சதவீதமும் குறைந்தது. முதலில் குறைவது பெரும்பாலும் இரத்தத்தின் நீர்ப்பகுதி. தசை பின்னரே தளர்கிறது. அதே தசாப்தத்தின் தொடக்கத்தில் ரொபர்ட் ஹிக்சன் செய்த ஆய்வுகள் இன்னும் பயனுள்ளவை. வாரத்துக்கு ஆறு நாட்கள் பயின்றவர்கள் இரண்டு நாட்களாகக் குறைத்தாலும், நாற்பது நிமிடத்தைப் பதின்மூன்று நிமிடமாகச் சுருக்கினாலும், உழைப்பின் தீவிரத்தைக் குறைக்காத வரை பதினைந்து வாரங்கள் அத்திறன் பெரிதாக வீழவில்லை. தீவிரத்தைக் குறைத்தவர்களுக்கு வீழ்ந்தது. ஆக, நோன்பு மாதத்து இருபது நிமிடம் வீணானதல்ல.

ஒரு நாளும் விடக்கூடாது என்று வாழ்ந்தவர்களும் உண்டு. பிரித்தானியாவின் ரொன் ஹில் 1970இல் பொஸ்டன் மரதனை வென்றவர். புடவை இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1964 டிசம்பர் 20 முதல் 2017 ஜனவரி 28 வரை, 52 வருடங்களும் 39 நாட்களும், ஒவ்வொரு நாளும் குறைந்தது ஒரு மைல் ஓடினார். 1993இல் வாகன விபத்தில் நெஞ்செலும்பு முறிந்த மறுநாளும் நிறுத்தவில்லை. விமானப் பயணங்கள், குடும்ப விடுமுறைகள் எல்லாம் இதற்குள் அடக்கம். இறுதியில் ஓடும்போது நெஞ்சில் வலி எழ, மனைவிக்கும் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் தாம் கடமைப்பட்டிருப்பதாகக் கூறி நிறுத்திக்கொண்டார். 2021இல் காலமானார். வியக்கிறேன், பின்பற்றமாட்டேன். பழக்கம் மனிதனை நடத்தலாம், ஆனால் உடைந்த எலும்போடு வீட்டை விட்டு வெளியேற்றும் அளவுக்கு அது எசமானாகிவிடக்கூடாது.

நுவரெலியாவிலிருந்து இறங்கிய பின்னர்தான் உண்மையான சோதனை தொடங்கிற்று. குளிரில் சில நாட்கள் கழித்த உடலை ஏப்ரல் மாதத்துக் கிழக்குக் கரையின் புழுக்கத்தில் ஓடவிட்டால், முதல் கிலோமீற்றரிலேயே வியர்த்துக் கொட்டும். வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஓரிரு வாரங்கள் வேண்டும். முதல் வாரம் தூரத்தைப் பாதியாக்கினேன். கச்சான் வீசத் தொடங்குமுன் பழைய தூரத்துக்கு வந்துவிட்டேன்.

பழைய தூரம் என்றேனே தவிரப் பழைய பாதை என்று சொல்ல முடியாது. என் இளமையில் ஒலுவில் கடற்கரை, ஈரமணல் இறுகிய அகன்ற பட்டியாகக் கிடந்தது. இறுகிய மணலில் ஓடுவது சுகம். உலர்ந்த மணலில் ஓடுவதற்கோ கெட்டித் தரையைப் போல 1.6 மடங்கு சக்தி வேண்டும் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்து சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாடசாலை விடுமுறைக் காலம். அன்று கடல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. இலங்கையில் ஆகக் கூடிய இழப்பு இம்மாவட்டத்துக்கே. அதன்பின் நெடுங்காலம் யாரும் கடலுக்கு முதுகு காட்டி ஓடத் துணியவில்லை. மனம் தேறிவந்த வேளை, டென்மார்க் கடனுதவியுடன் 2008இல் துறைமுக நிர்மாணம் தொடங்கி 2013 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. துறைமுக வாய் மணலால் தூர்ந்தது. அதற்கு வடக்கே கரை மணலின்றித் தேய்ந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு கடலில் சரிந்தன. மீனவர்கள் தோணி இழுத்து வைத்த இடங்களும், நாங்கள் ஓடிய ஈரமணலும் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன.

எனவே இப்போது எங்கள் ஓட்டம் தரைப்பக்கம் திரும்பிவிட்டது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடம் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வீதியில், சுபஹுக்குப் பின் ஆட்கள் நடக்கிறார்கள், சிலர் ஓடுகிறார்கள். வடக்கே களியோடைப் பாலம் வரை ஒரு பக்கம் வயல், காற்றுக்குக் குறைவில்லை. அண்மைக் காலமாகப் பெண்களும் மூவர் நால்வராகச் சேர்ந்து வேக நடை போடுகிறார்கள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் சாரா அத்தார் தலையை மறைத்தபடி 800 மீற்றர் ஓடிக் கடைசியாக வந்தபோது அரங்கமே எழுந்து கைதட்டிய காட்சியை என் மகளுக்கு ஒருமுறை காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, மறு பெருநாளுக்குத் தனக்குப் புடவை வேண்டாம், சப்பாத்து வேண்டுமென்றாள். வாங்கிக் கொடுத்தேன். விடுமுறை முடிந்து அவள் திரும்பிப் போகும்போது பையில் முதலில் வைத்தது அதைத்தான்.