விடையை எங்கே வெச்சீங்க?

பைத்தான் கத்துக்கிற முதல் வாரத்துல நிறைய பேர் முழிக்கிற இடம் இது. 'பெயர்' என்ற வேரியபிள்ல சின்ன எழுத்துகள் இருக்கு. பெயர்.அப்பர்() என்று எழுதி ஓட்டுறோம். அப்புறம் பார்த்தா, பெயர் சின்ன எழுத்துலயேதான் நிக்குது. எரரும் வரலை. ஃபங்ஷன் வேலையை முடிச்சு விடையைத் திருப்பிக் கொடுத்திருச்சு. வாங்கி வைக்கத்தான் ஆள் இல்லை.

இந்தத் தலைவலிக்கு வயசு எழுபதுக்கு மேல. 1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜில், மாரிஸ் வில்க்ஸ் குழு கட்டிய எட்சாக் கணினி முதல் புரோகிராமை ஓட்டியது. அங்கே ஆராய்ச்சி மாணவர் டேவிட் வீலர். வர்க்கமூலம் மாதிரி அடிக்கடி தேவைப்படுற கணக்குகளைக் காகித நாடாவில் துளையிட்டு அலமாரியில் வெச்சாங்க. வேணும்கிறவங்க தங்கள் நாடாவில் நகலெடுத்துச் சேர்த்துக்கலாம். இன்னைக்கு நாம போடுற இம்போர்ட்டுக்கு இதுதான் தாத்தா.

சப்ரூட்டீன் முடிஞ்சதும் எங்கே திரும்புறது? புறப்பட்ட இடத்தை முன்னாலேயே அக்குமுலேட்டரில் கொடுத்து அனுப்பிடுவாங்க. சப்ரூட்டீன் அதை வெச்சுத் தன் கடைசிக் கட்டளையைத் தானே எழுதிக்கும். 'வீலர் ஜம்ப்' என்று எல்லாரும் கொண்டாடுறது இதைத்தான். எனக்கென்னவோ இன்னொரு கேள்வி அதைவிட சுவாரஸ்யம்: விடை எங்கே இருக்கும்?

அதே அக்குமுலேட்டரில், இல்லைன்னா முன்பே பேசிவெச்ச ஒரு நினைவக இடத்தில். அக்குமுலேட்டர் இருந்ததோ ஒண்ணே ஒண்ணு. எட்சாக்கில் 'ஏ' கட்டளை எண்ணை எடுத்து வைக்காது, ஏற்கெனவே இருக்கிறதோட கூட்டும். பழைய விடையை அப்படியே விட்டா அடுத்த கணக்கு அது மேலேயே ஏறிக்கும். அதனால 'டி' கட்டளை: விடையை நினைவகத்துக்கு மாற்று, அக்குமுலேட்டரைக் காலி பண்ணு. அடுத்த சப்ரூட்டீனைக் கூப்பிடவும் அது காலியா இருந்தாகணும்.

1957ல் ஐபிஎம் 704க்கு ஜான் பேக்கஸ் குழுவின் ஃபோர்ட்ரான் வந்தது. கூப்பிடுறது, விடையை வாங்குறது, வைக்கிறது எல்லாம் ஒரே வரியில், நடுவுல ஒரு சமக்குறி. அடுத்த வருஷம் ஃபோர்ட்ரான் 2ல் நாமே ஃபங்ஷன் எழுதலாம். உள்ளே விடையை அந்த ஃபங்ஷனோட பெயருக்கே கொடுக்கணும். விசித்திரமான ஏற்பாடுதான். ஆனா அல்கால் 60ம் அதையே பின்பற்றியது.

இன்னைக்கும் அடித்தளம் பெரிசா மாறலை. 64 பிட் இன்டெல் சிப்பில் முழு எண் விடை ஆர்ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் வரும். எடுத்து வைக்கலைன்னா அடுத்த ஃபங்ஷன் அது மேலேயே எழுதிட்டுப் போயிடும். சிபைத்தானில், யாரும் பிடிச்சுக்காத புது ஆப்ஜெக்ட் உடனே அழிக்கப்படும்.

ஷெல்லில் மட்டும் ஒரு சலுகை உண்டு: கடைசி விடையை அதுவே திரையில் காட்டி, அடிக்கோடு என்ற பெயரிலும் வெச்சிருக்கும். அங்கேயே பழகினவங்கதான் ஃபைலில் எழுதும்போது ஏமாறுறாங்க. ஃபைலில் அந்தச் சலுகை கிடையாது. பெயர் = பெயர்.அப்பர்() என்று நாமேதான் எழுதணும்.