டிஸ்னிலேண்டில் மதியச் சாப்பாடு

1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் வரவில்லை. குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் கழிப்பறையா குடிநீரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வால்ட் டிஸ்னி கழிப்பறைக்குச் சரி சொன்னார். வெயில் கொளுத்தியது. பெப்சி விற்கச் செய்த தந்திரம் என்று ஜனங்கள் ஏசினார்கள். நாக்கு வறண்ட சர்க்கரைக்காரர் அன்று என்னதான் குடித்தாரோ! கோகோ கோலா நிறுவனம் சர்க்கரையில்லாத 'டாப்' பானத்தைக் கொண்டுவந்ததே 1963இல்தான்.

நான் அரசு மருத்துவமனை லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கும் சுகர்; சாயங்காலம் இன்சுலின். மகள் வீடு அனஹைமுக்குப் பக்கம் என்பதால் பேரனோடு அந்தப் பூங்காவுக்குப் போவதுண்டு. அவன் கண் ராட்டினத்தில், என் கண் சாப்பாட்டுக் கடைகளில்.

அந்தக் கடைகள் வந்த கதை சுவாரசியமானது. பூங்கா கட்டப் பணம் போதாமல், டிஸ்னி உணவுக் கம்பெனிகளை உள்ளே அழைத்து இடம் கொடுத்தார். கார்னேஷன் ஐஸ்கிரீம் பார்லர், வெல்ச் திராட்சை ஜூஸ் கடை, ஆன்ட் ஜெமிமா பேன்கேக், ஃபிரிட்டோஸ் சோளச் சிப்ஸ் என்று திரும்பின பக்கமெல்லாம் மாவும் சர்க்கரையும் வந்தது இப்படித்தான். எங்களைப் போன்றவர்களுக்கென்று பார்த்தால் 'சிக்கன் ஆஃப் தி ஸீ' கப்பலைத்தான் சொல்ல வேண்டும். பெயரில்தான் கோழி, விற்றது சூரை மீன் சாண்ட்விச். கடற்கொள்ளையர் கப்பல் மாதிரி கட்டியிருந்தார்கள். 1982இல் அது போய்விட்டது. எனக்கு அந்த இழப்பில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆனால் மீன் கிடைத்தாலும் நேரத்துக்குக் கிடைக்க வேண்டுமே. அந்தக் காலத்தில் இன்சுலின் போடுபவர் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, காலையில் பெரும்பாலும் மெதுவாக வேலை செய்யும் என்.பி.எச். இன்சுலினைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். அது மதியத்தில் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் ராட்டின வரிசையில் மாட்டிக்கொண்டால் கை நடுங்கும், வியர்க்கும். 1950இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு மாற்று உணவுப் பட்டியல் போட்டிருந்தார்கள்: ஒரு துண்டு ரொட்டிக்குப் பதில் அரைக் கப் சோறு, இரண்டிலும் 15 கிராம் மாவுச்சத்து. பேன்கேக்கையும் இதில் அடக்கலாம். மேலே ஊற்றும் பாகை எதில் அடக்குவது?

அப்போது சுகர் பார்க்க வழி சிறுநீர்தான். கழிப்பறையில் நின்று சோதனைக் குழாயில் 5 சொட்டு சிறுநீர், 10 சொட்டு தண்ணீர், ஒரு கிளினிடெஸ்ட் மாத்திரை. அது தானே பொங்கி நிறம் மாறும். நாங்கள் லேப்பில் 5 மில்லி பெனடிக்ட் கரைசலில் 8 சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினோம். நீலமாகவே இருந்தால் நிம்மதி, செங்கல் நிறம் வந்தால் வசவு. இதில் ஒரு வம்பு: சிறுநீர் சொல்வது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. சுகர் இறங்கிக்கொண்டிருப்பதை அது சொல்லவே சொல்லாது.

1970இல் ஏம்ஸ் கம்பெனி ரத்தச் சர்க்கரை மீட்டர் கொண்டுவந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல், டாக்டர்களுக்கென்று செய்தது. வீட்டுக்கு வர இன்னும் சில வருடங்கள் ஆயின. 1996இல் சீக்கிரம் வேலை செய்யும் லிஸ்ப்ரோ இன்சுலின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தட்டு முன்னால் வந்தபிறகு ஊசி போட்டால் போதும் என்றானது. வரிசையில் நிற்கும் பயத்தைத் தீர்த்தது அதுதான், பூங்காவின் மெனு அல்ல. மெனு போன திசை வேறு: 1985இல் எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய சுரோ வந்தது, மறு வருடம் ஐஸ்கிரீம் மாதிரியான அன்னாசி டோல் விப். 2006இல்தான் குழந்தைகள் சாப்பாட்டில் பொரித்த உருளைக்கும் சோடாவுக்கும் பதில் பழமும் பாலும் தருவதாக டிஸ்னி அறிவித்தது.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள், அது பெரிய உபகாரம். மகள் சுண்டலும் முட்டை சுருட்டிய சப்பாத்தியும் கட்டித் தருவாள். கவுன்டரில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம். நடை அதிகம் என்பதால் மாலையில் சுகர் இறங்கப் பார்க்கும். கையில் ஒட்டிய சுகர் சென்சார் கத்தும். அப்போது பேரன் தன் சுரோவில் பாதியை நீட்டுவான். சுரோவில் எண்ணெய் அதிகம், சுகர் மெதுவாகத்தான் ஏறும் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஜூஸ் டப்பாவை எடுப்பேன்.